மணல் தெருவில் ஒரு மோட்டார்

பதினோராம் அத்தியாயம்

ஐக்கோர்ட்டு வக்கீல்களில் பெரிய கையாகப் பார்த்துப் பதினெட்டுப் பேரைப் பொறுக்கி, கவுனை மாட்டி, வரிசையாக உட்கார வையுங்கள். எதிரே எங்கள் தெரு ஜானுவை உட்கார வையுங்கள். ஏழு வயசு. முன்பல் ஒன்று கிடையாது. அவள் கையில் ஒரு கூடை மணலும் ஒரு பிடி கடுகும் கொடுங்கள். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை வக்கீல்களையும் வாயடைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அனுப்பினாள். என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நான் சொல்வதில் கால்வாசிதான் நிஜம் என்று அடுத்த வீட்டுச் சந்திரமௌலி மயிலாப்பூர் முழுவதும் பிரசாரம் செய்து வைத்திருக்கிறான். அவன் க்ஷேத்திரகணித வாத்தியார், அதாவது ஜியாமெட்ரி. சூரியன் உதித்துவிட்டது என்று சொன்னால்கூட, "நிரூபணம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பான். நானோ தந்தி ஆபீஸ்காரன். உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் பிறத்தியார் வார்த்தையை எண்ணி எண்ணிச் சுருக்கி அனுப்பியவன். பென்ஷன் வாங்கின பிறகாவது கொஞ்சம் நீட்டிப் பேசக் கூடாதா?

ஆனால் இந்த ஒரு சமாசாரத்தில் நான் ஒன்றும் நீட்டவில்லை. நீட்ட இடமே இல்லை.

இதுவரை நடந்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், சந்திரமௌலியின் பிள்ளை அம்பி போய்விட்டான். ஐந்து வயசுக் குழந்தை. பீர் முஹம்மதுவின் ஜட்காக் குதிரை மிரண்டு ஓடிச் சக்கரம் ஏறியதைத் தூரத்திலிருந்து பார்த்ததாகவும், கிட்டே போகவில்லை என்றும் சொன்னவர் பஞ்சாபகேசன். சந்திரமௌலியின் அக்கா புருஷர். தியாகராய நகரில் புதிதாக மாடி வீடு கட்டி, அதைவிடப் புதிதாக மோட்டார் வாங்கி, அதையும்விடப் புதிதாக அதைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

"இல்லை சாமி, குதிரையை அவிழ்த்துப் புல் போட்டிருந்தேன். வண்டி சும்மா நின்றது. குழந்தை மேல் ஏறியது அவர் மோட்டார்தான்" என்று பீர் முஹம்மது சொன்னான். இரண்டு பேர் சொல்லில் யார் சொல்லைப் போலீஸ் எடுத்துக்கொண்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தசரா லீவு முடிந்து கோர்ட்டுத் திறந்ததும் கேஸ். அதுவரை பீர் முஹம்மது கம்பிக்கு உள்ளே. தீர்ப்பு எப்படி இருக்கும் என்பது கோர்ட்டுக் கூரையில் உட்காரும் காக்கைக்குக்கூடத் தெரியும்.

அவர்கள் இருவரையும் தவிரப் பார்த்த சாட்சி ஒருத்திதான். அம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அவன் அக்கா ஜானு. அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

இனி துர்க்காஷ்டமிக்கு வருவோம்.

*

தசரா லீவில் எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்தால் வாசலுக்கு வாசல் காகிதக் கப்பல். எதிர்வீட்டுக் கிச்சா விட்ட கப்பல் ஒன்று சாந்தோம் வழியாகக் கடலில் இறங்கி, ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு இறக்கியதாகக் கேள்வி. சாயங்காலமானால் வேஷம். கிருஷ்ணன், ராமன், பரதேசி, தபால்காரன் எல்லாரும் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். பாட்டு எப்படி இருந்தாலும் சுண்டல் உண்டு. ஒரு வருஷம் சேர்ந்த சுண்டலைக் கொட்டி வைத்ததில் பரங்கிமலை சின்னதாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிசு பார்க்குப் பந்தயம். கொலுவுக்குப் பக்கத்தில் மணலைப் பரப்பி, கண்ணாடித் துண்டை வைத்துக் குளமாக்கி, கடுகு முளைக்கவிட்டுத் தோப்பாக்கி, தீப்பெட்டியை அடுக்கி வீடாக்கி, குழந்தைகள் ஆளுக்கு ஒரு பார்க்குக் கட்டுவார்கள். நான்தான் நீதிபதி. ஒவ்வொரு வருஷமும் ஒரு விதி சொல்வேன். அந்த முப்பத்துநாலாம் வருஷத்து விதி: ஒவ்வொருத்தரும் தினம் தாங்கள் போய் வருகிற பள்ளிக்கூடத்து வழியைக் கட்ட வேண்டும்.

மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்துச் சந்திரமௌலி வீட்டுக்குள் நுழைந்தேன்.

போன வருஷம் அந்தக் கூடத்தில் ஒன்பது படி இருந்தது. இந்த வருஷம் ஒரே ஒரு படி. ஒரு கலசம், இரண்டு மரப்பாச்சி. கொலுவை அடியோடு நிறுத்தக் கூடாது என்பதற்காக வைத்த கொலு. அந்த இரண்டு மரப்பாச்சியும் யாரோ வரக் காத்திருப்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஜானு ரேழியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வரிசையாகக் கொட்டாங்கச்சிகள். நவராத்திரிக்கு முன்னாலேயே அம்மா நீரஜா அவற்றில் கடுகு தூவிக் கொடுத்திருந்தாள். விரல் உயரத்துக்குப் பச்சையாக எழும்பியிருந்தது.

"நீரஜா, ஜானுவைப் பந்தயத்துல சேர்த்தாச்சு" என்றேன்.

"மணல் இல்லையே மாமா."

வருஷா வருஷம் தெருவுக்கே மணல் கொண்டுவந்து கொட்டுகிறவன் பீர் முஹம்மது. கடற்கரையிலிருந்து ஜட்கா நிறைய ஏற்றி வருவான். ஒவ்வொரு வீட்டிலும் கூடையைக் கவிழ்த்து, தானே உள்ளங்கையால் சமமாகத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

உள்ளேயிருந்து சந்திரமௌலி வந்தான். ஒரு வாரத்துத் தாடி.

"பந்தயமெல்லாம் வேண்டாம் மாமா. முதல்ல அவ பேசட்டும்."

"மணல்ல விளையாடினா பேச்சு நின்னுடுமாடா?"

"மணல்ல விளையாடினாப் பேச்சு வரும்னு எதை வெச்சுச் சொல்றேள்? எதுக்கும் ஒரு நிரூபணம் வேணுமோல்லியோ?"

"அம்மா..." என்று வாசலில் ஒரு குரல்.

திரும்பினோம். அமீனா பீ. பீர் முஹம்மதுவின் மனைவி. தலையில் கூடை. கூடை முழுக்க ஈர மணல். அதிலிருந்து தண்ணீர் சொட்டி நெற்றியில் இறங்கி, கன்னத்தில் வழிந்து, மோவாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இவ வந்து நிக்கிறாளேன்னு பாக்காதீங்கம்மா. வருசா வருசம் அவரு கொண்ணாந்து போடுவாரு. கொயந்தைங்க மண்ணு இல்லாம குந்திகினு இருக்குமேன்னு நானே தூக்கிகினு வந்தேன். எல்லா வூட்லயும் போட்டுட்டேன். இதான் கடைசிக் கூட."

"இங்கே வேண்டாம். எடுத்துண்டு போ" என்றான் சந்திரமௌலி.

"பாப்பாவுக்கு சாமி."

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா செரி" என்றாள் அமீனா பீ. கூடையை இறக்கவில்லை. "கோர்ட்டுல உங்களக் கூப்புடுவாங்க. வண்டி சும்மா நின்னுகினு இருந்திச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணியும் வாணாம்."

"நான் பார்த்தேனா? பார்க்காததை எப்படிச் சொல்றது?"

"பாக்காதவங்களாத்தான் சாமி எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. எங்கூட்டுக் குதிர மெரண்டு ஓடிச்சாம். அதுக்கு ஓடத் தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் இப்டி கீறோம்?"

அந்தக் குதிரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லஸ் முனையிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் உள்ளே இருக்கும் குழந்தைகள் இரண்டு வாய்ப்பாடு ஒப்பித்து முடித்துவிடுவார்கள். நத்தை வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடும். ஒரு தடவை வண்டியில் ஏறிய ஒருவர், இறங்கும்போது பேரன் பெற்றிருந்தார். அது மிரண்டு ஓடிற்று என்று பஞ்சாபகேசன் சொன்னதும், தினமும் அதைப் பார்க்கிற ஊர் அப்படியே நம்பிற்று. மோட்டார் வைத்திருப்பவர் சொன்னால் குதிரைக்கும் இறக்கை முளைக்கும்.

"வார்த்தை போறாது அமீனா. நிரூபணம் வேணும்" என்றான் சந்திரமௌலி. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நீரஜா எழுந்து வந்தாள். அமீனா பீயின் தலையிலிருந்து கூடையைத் தானே இறக்கினாள். ரேழியில் கவிழ்த்தாள்.

"மணல் என்ன பண்ணித்து?" என்றாள் புருஷனைப் பார்த்து. பிறகு அமீனா பீயிடம், "அவர் தட்டற மாதிரி சமமாத் தட்டிக் குடு" என்றாள்.

சந்திரமௌலி வாசலை எட்டிப் பார்த்தான். "சீக்கிரம் ஆகட்டும். அக்கா வர நேரம்."

அவன் பயம் எனக்குப் புரிந்தது. பீர் முஹம்மது யார் பேரைச் சொன்னான் என்பது தெரு முழுக்கத் தெரியும். பஞ்சாபகேசனின் மனைவி விசாலாக்ஷிக்கு மட்டும் தெரியாது. அவள் காதில் விழாமல் ஆடியிலிருந்து தம்பி காவல் காத்துக்கொண்டிருந்தான்.

*

காவல் அன்றைக்குப் பலிக்கவில்லை. அமீனா பீ மணலைத் தட்டி முடிப்பதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அதுவும் எப்படிப்பட்ட மழை! வங்காள விரிகுடா எழுந்து நின்று மயிலாப்பூர் மேல் சாய்ந்ததுபோல. அந்த மழையிலேயே குடையைச் சுருக்கிக்கொண்டு விசாலாக்ஷி உள்ளே வந்தாள்.

"கபாலி கோயில்லேருந்து நடந்தே வந்துட்டேன். உங்க அத்திம்பேர் கோயில் வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டார். சாயங்காலம் வந்து அழைச்சுண்டு போறாராம். அம்பி போனதுலேருந்து இந்த ஆத்துப் பக்கமே வர மாட்டேங்கறார் சந்துரு. தாங்கலை அவருக்கு. ராத்திரியில எழுந்து உக்காந்துடறார்."

சந்திரமௌலி சுவரைப் பார்த்தான்.

விசாலாக்ஷி அப்போதுதான் அமீனா பீயைக் கண்டாள்.

"இது யார்? ஜட்காக்காரன் பொண்டாட்டியா?"

குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"எங்காத்துக் குழந்தையைக் கொன்னுட்டு, விளையாட மணல் வேற கொண்டுவந்து போடறேளா? நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கெல்லாம்?"

அமீனா பீ நிமிர்ந்தாள். விசாலாக்ஷியைப் பார்க்கவில்லை, சந்திரமௌலியைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. சந்திரமௌலியின் கண் கெஞ்சிற்று. நான் ஆயிரம் தந்தி படித்தவன். அந்தக் கண்ணில் இருந்தது ஒரே வார்த்தைத் தந்தி: வேண்டாம்.

அமீனா பீ சொல்லவில்லை. கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வாசல் நிலையோரம் போய் நின்றாள்.

"மழை விடட்டும் அக்கா. போயிடுவா" என்றாள் நீரஜா.

இத்தனைக்கும் நடுவில் ஜானு மட்டும் தன் வேலையில் இருந்தாள். மணலில் விரலால் இழுத்தாள். ரோடு வந்தது. கண்ணாடித் துண்டை வைத்தாள். கோயில் குளம். தீப்பெட்டிகள் வீடுகளாயின. குளத்து முனையில் ரோடு திரும்புகிற இடத்தில், நன்றாக வளர்ந்த கடுகுக் கொட்டாங்கச்சியை வைத்தாள். அங்கே உள்ள தூங்குமூஞ்சி மரம் அது. அதன் கீழே போன வருஷத்துக் கொலு ஜட்காவைக் கொண்டுவந்தாள்.

வண்டியின் ஏர்க்கால் தரையில் படும்படி முன்பக்கம் சாய்த்து வைத்தாள். குதிரையைத் தனியே நிறுத்தி, நாலு கடுகு முளையைக் கிள்ளி அதன் வாயருகே போட்டாள்.

நிலையோரத்திலிருந்து அமீனா பீ மூச்சை இழுத்தது மழைச் சத்தத்திலும் கேட்டது. "யா அல்லா!"

"குழந்தைக்குக் குதிரையைப் பூட்டத் தெரியலை" என்றான் சந்திரமௌலி, ஒருவரும் கேட்காமலே.

"அத்தை பூட்டித் தரட்டுமாடி கண்ணு?" என்று விசாலாக்ஷி குனிந்து குதிரையை ஏர்க்காலுக்கு நடுவில் வைத்தாள். ஜானு அதை வெளியே எடுத்தாள். புல்லுக்கு முன்னால் நிறுத்தினாள். விசாலாக்ஷி மறுபடி பூட்டினாள். ஜானு மறுபடி அவிழ்த்தாள். கோபமே இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட பையனுக்கு அவள் அப்பா திருத்திக் கொடுப்பானே, அந்தப் பொறுமை.

"பிடிவாதத்தைப் பாரு!" என்று சிரித்தாள் விசாலாக்ஷி. "சரி, உன் இஷ்டம். இதோ பார், அத்தை உனக்கு என்ன வாங்கிண்டு வந்திருக்கேன். கொலுவுக்கு வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வரணும். ஒரு படியானா என்ன, அந்த வழக்கத்தை விடப்படாது."

பையிலிருந்து எடுத்தாள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய தகர மோட்டார். கறுப்பு மேல்கூரை. சிவப்பு உடம்பு.

"அக்கா!" என்றான் சந்திரமௌலி. "அது வேண்டாம்."

"ஏண்டா?"

"வேண்டாம். வேற ஏதாவது... ஒரு பிள்ளையார்..."

"பார்க்குக்கு மோட்டார் இருந்தா அழகா இருக்கும்னு நான் கடை கடையா ஏறி இறங்கியிருக்கேன். உங்க அத்திம்பேர் மோட்டார் மாதிரியே கேட்டு வாங்கினேன். நீ பிள்ளையாருக்குப் போறியா!"

ஜானு கையை நீட்டி மோட்டாரை வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். சக்கரத்தை விரலால் சுற்றினாள். பிறகு குளத்துக்கு அந்தப் பக்கம், ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் உதடு குவிந்தது.

"பாம்."

நீரஜா ஓடிவந்து மணல் ஓரத்தில் விழுந்தாள்.

"பேசிட்டா! மாமா, குழந்தை பேசிட்டா! கேட்டேளா? ஜானு, இன்னொரு தடவை சொல்லுடி! என் கண்ணே, சொல்லு!"

"நான் கொண்டுவந்த மோட்டார்!" என்று விசாலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சந்துரு, வேண்டாம்னியேடா! பாரு!"

நானும் கைதட்டினேன். மறைப்பானேன்? மெட்ராஸ் முழுக்கக் கேட்கும்படி தட்டினேன். தட்டாதவர்கள் இரண்டு பேர். அமீனா பீ, சந்திரமௌலி. அவர்கள் குழந்தையின் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

"ஒதுங்கு! ஒதுங்கு! போலீஸ்!"

கிச்சா வந்துவிட்டான். ஒன்பது வயசு. அன்றைக்கு அவனுக்குப் போலீஸ் வேஷம். தலையில் அவன் அம்மாவின் சிவப்பு ரவிக்கைத் துணி முண்டாசு, கையில் தடி. கரியால் போட்ட மீசை மழையில் கரைந்து மோவாய் வரைக்கும் இறங்கி, அவனை ஒரு நரைக்காத ரிஷிபோலக் காட்டியது.

"மாமா, ஜானு பார்க்கைப் பாத்தாச்சா? நான் சென்ட்ரல் ஸ்டேஷனே கட்டிட்டேன். நிஜ எறும்பு டிக்கெட் வாங்கறது."

"உஸ்!" என்றேன்.

ஏனென்றால் ஜானு மறுபடி ஆரம்பித்திருந்தாள். சின்னதாக ஒரு மண் பொம்மையை எடுத்தாள். ஒரு பையன். அவனை மரத்தடி ஜட்காவின் பக்கத்திலிருந்து நகர்த்தி, ரோட்டு நடுவில் குனிந்த மாதிரி சாய்த்து வைத்தாள். அவன் முன்னால் ஒரு மிளகை வைத்தாள். அம்பியின் பம்பரம் அது. அதை எடுக்கத்தான் அவன் அக்கா கையை விட்டு ஓடினான் என்று பீர் முஹம்மது அன்றே சொல்லியிருந்தான்.

"பாம், பாம்."

மோட்டார் குளத்து முனையில் திரும்பியது. வேகமாக வந்தது. நிற்கவில்லை.

மண் பொம்மை கவிழ்ந்து விழுந்த சத்தம் ஒரு புளியங்கொட்டை விழுகிற சத்தம்தான். எனக்கு இன்னும் கேட்கிறது.

நீரஜா மகளின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

கிச்சாவுக்கு என்ன தெரியும்? அவனுக்குக் குஷி தாங்கவில்லை. "ஆக்ஸிடென்ட்! நகரு, நகரு! யார் வண்டி? எவன் ஓட்டினான்?" என்று தடியால் தரையைத் தட்டினான். பிறகு எல்லாருக்கும் தெரிந்த பதிலைத் தானே சொல்லிக்கொண்டான். "ஜட்காதான்! ஜட்காவை அரெஸ்ட் பண்றேன்!" என்று மரத்தடி வண்டியைத் தூக்கினான்.

ஜானு அவன் மணிக்கட்டில் அடித்தாள். நான் சொல்கிறேன், பயில்வான் அடி. ஜட்காவைப் பிடுங்கி, ஏர்க்கால் தரையில் படும்படி மறுபடி அதே இடத்தில் சாய்த்து வைத்தாள். தகர மோட்டாரை எடுத்தாள். கிச்சாவின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

கிச்சா மூடிய கையைப் பார்த்துக்கொண்டே தடியைக் கீழே போட்டான்.

"விளையாட்டு" என்றான் சந்திரமௌலி. "குழந்தை விளையாட்டு. யாரோ பேசறதைக் காதுல வாங்கியிருக்கும். மாமா, இதைப் போய் நீங்க ஊர் பூரா... இது நிரூபணம் இல்லை."

"எது நிரூபணம் இல்லை? என்னடா சொல்றே நீ?" என்றாள் விசாலாக்ஷி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் புரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் புரியவில்லை என்று புரிந்துவிட்டது. "யாராவது சொல்லுங்கோளேன்!"

ஜானு எழுந்தாள். கூடத்துக்குள் போனாள். கொலுப்படிக்குக் கீழே பொம்மைக்கு உடுத்தும் துணித் துண்டுகள் போட்ட பெட்டி இருந்தது. அதை மணலருகே கொண்டுவந்து கவிழ்த்தாள். பட்டு, சீட்டி, மல், எல்லாம் சிதறின. பச்சையை எடுத்தாள், போட்டுவிட்டாள். மஞ்சளை எடுத்தாள், போட்டுவிட்டாள். கடைசியில் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு கிடைத்தது. அரக்கு நிறத்தில் அகலக் கரை.

அதில் மண் பொம்மையைச் சுற்றினாள். தலையிலிருந்து கால் வரை. கரை மேலே தெரியும்படி. அப்படியே தூக்கி ஜட்காவுக்குள் படுக்க வைத்தாள். அப்புறம்தான் குதிரையைக் கொண்டுவந்து பூட்டினாள்.

வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு ஒரு தீப்பெட்டியின் வாசலில் நிறுத்தினாள். அது அவர்கள் வீடு.

"அரக்குக் கரை" என்றாள் விசாலாக்ஷி, தனக்குத்தானே. "அவர்கிட்ட இப்படித்தான் ஒரு அங்கவஸ்திரம். காசிக்குப் போனப்போ வாங்கினது. அது இல்லாம வெளியில போக மாட்டார். ஆடியிலேருந்து காணோம். கேட்டா வண்ணான் தொலைச்சுட்டான்னார்..."

நிறுத்திக்கொண்டாள்.

மழை விட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும்.

நீரஜா புருஷனைப் பார்த்தாள். "நான் குழந்தை முகத்தைத்தான் பார்த்தேன். அப்புறம் எனக்கு நினைவில்லை. வாசல்ல வண்டி வந்து நின்னப்போ நீங்கதானே வாங்கினேள்? குழந்தை மேல என்ன துணி இருந்தது?"

சந்திரமௌலி ஜட்காவுக்குள் இருந்த பொம்மையைப் பார்த்தான்.

"சொல்லுங்கோ. என்ன துணி?"

அவன் உட்கார்ந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு, மணல் ஓரத்தில், மகளுக்கு எதிரே. ஜானு அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி மட்டும் என்னால் ஒன்றும் கூட்டிச் சொல்ல முடியாது. பேச்சு வராததால் அவள் பேசாமல் இருக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. வாசலில் அந்தத் துணியை அப்பா பார்த்ததை அவளும் பார்த்திருந்தாள். அப்பா சொல்வார் என்று ஆடியிலிருந்து காத்திருந்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது.

பாம். பாம்.

தகர மோட்டாருக்கு ஹாரன் கிடையாது. ஜானுவின் உதடும் மூடியிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்ற நிஜ மோட்டார் அது. வெகு நாளைக்குப் பிறகு அந்த வாசலுக்கு வந்திருந்தது.

ஜானு துள்ளி எழுந்தாள். அம்மாவிடம் போகவில்லை. அப்பாவிடம் போகவில்லை. நிலையோரம் ஓடி, அமீனா பீயின் ஈரப் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அமீனா பீ ஒரு கையால் அவள் தலையை அணைத்தாள். மற்றக் கை வாசல் கதவைப் பிடித்திருந்தது. திறப்பதா மூடுவதா என்று தெரியாத கை.

விசாலாக்ஷி எழுந்திருக்கவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் குடையைத் தேடுகிறவள், அன்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்துரு" என்றாள். "எது சொன்னாலும் நம்பாதவன் நீ. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். உன்னைக் கேக்கறேன். இது குழந்தை விளையாட்டுன்னு நீ சொல்லு, நான் எழுந்து வண்டியில ஏறிப் போயிடறேன். சொல்லு. இது நடக்கலைதானே?"

வெளியே மோட்டார்க் கதவு திறந்து மூடிற்று. தண்ணீரில் செருப்புக் காலடி.

"உனக்காகத்தான் அக்கா" என்றான் சந்திரமௌலி. "நீ நன்னா இருக்கணும்னு. அம்பிதான் போயிட்டான், நீயாவது..."

"அதைக் கேக்கலை நான்."

அவன் ஜட்காவுக்குள் இருந்த பொம்மையை எடுத்தான். சுற்றியிருந்த துணியை விரலால் தடவினான். கரையைத் தடவினான்.

"இதோடதான் வாங்கினேன். இதோடயே கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குக் கொண்டுபோய் வெச்சேன். நிரூபணம் கேக்காதே அக்கா, என் கையால எரிச்சுட்டேன்."

காலடி வாசல்படி ஏறிற்று.

"நடந்தது" என்றான்.